முதலீட்டில் பங்குகளின் விகிதம் ஏறிப்போனால் எப்படிச் சமன் செய்வது?

என் முதலீட்டுத் திட்டம்: பங்கு 60, டெப்ட் (கடன் பத்திரம், வைப்பு போன்ற வட்டி தரும் முதலீடு) 30, தங்கம் 10 சதவீதம். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), எஃப்டி (நிலை வைப்பு) எல்லாம் டெப்ட் கணக்குதான். பலர் இதைச் சேர்க்காமலே கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் பார்ப்பேன். விலகல் 5 சதவீதப் புள்ளிக்குள் என்றால் தொடவே மாட்டேன்.

மொத்தம் 12 லட்சத்தில் பங்கு 8.4 லட்சம் என்றால் அது 70 சதவீதம். இருக்க வேண்டியது 7.2 லட்சம், 1.2 லட்சம் டெப்ட்டுக்குப் போக வேண்டும். உடனே விற்காதீர்கள். முதலில் பங்கு ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி பணத்தை டெப்ட் ஃபண்டுக்குத் திருப்புங்கள். அது போதாவிட்டால் வாங்கி ஓராண்டு தாண்டிய பங்கு ஃபண்ட் யூனிட்டுகளை மட்டும் விற்கலாம். அதில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. மேலே போனால் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றாலோ 20 சதவீதம்! லாபம் பெரிதென்றால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும்.