விமானி ஆக நினைக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் விமானம் ஓட்டுகிறவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் பெண்கள். உலக அளவில் இது 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மற்ற நாடுகளைவிட நாம் முன்னால் நிற்கிறோம் என்பது உண்மை. ஆனாலும் நூறில் 85 இருக்கைகளில் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

"பைலட் ஆகணும்" என்று ஒரு பெண் சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகள் எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பெரிய விமானத்தை இவளால் அடக்க முடியுமா? பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா? ஏர் ஹோஸ்டஸ் ஆனால் போதாதா? இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதித் தெம்பு போய்விடுகிறது. பெண்கள் உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் வேறு. காலம் கடந்து செய்த மருத்துவச் சோதனை, சான்றிதழில் பொருந்தாத பெயர், மொத்தமாகக் கட்டிவிட்ட பணம், பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டது. பயப்பட வேண்டிய இடம் தெரிந்தால் வழி பாதி தெளிவாகிவிடும்.

பலம் போதுமா என்று கவலைப்படுவது

பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் செஸ்னா 152 அல்லது 172 தான் கிடைக்கும். இரண்டும் சிறிய விமானங்கள், கம்பி வழியே இயங்கும் கட்டுப்பாடுகள். வேகம் மாறும்போது கையில் இருக்கும் யோக் என்ற கட்டுப்பாட்டுப் பிடி முன்னாலோ பின்னாலோ தள்ளும். புதிதாக வரும் மாணவர்கள், ஆணோ பெண்ணோ, அதைப் பலத்தால் இழுத்துப் பிடிப்பார்கள். பத்து நிமிடத்தில் முன்கை வலிக்கும். பெண்ணாக இருந்தால் உடனே, "நமக்குப் பலம் பத்தலையோ" என்ற சந்தேகம் வந்துவிடும். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கைக்கெட்டும் இடத்தில் டிரிம் சக்கரம் என்று ஒன்று இருக்கிறது. கையில் உணரும் பாரம் அடங்கும் வரை அதை மெல்லத் திருப்பினால், அப்புறம் இரண்டு விரலால் பிடித்து ஓட்டலாம். பலத்தை நம்பும் மாணவரைவிட டிரிம்மை நம்பும் மாணவர் சீக்கிரம் நன்றாகப் பறப்பார். பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ320-க்குப் போனால் அந்தப் பாரமும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு சிறு ஸ்டிக், அதிலிருந்து மின் சமிக்ஞை, அவ்வளவுதான்.

கவனம் வைக்க வேண்டியது உட்காரும் முறையில். உயரம் குறைந்தவர்கள் செஸ்னாவில் தாழ்வாக உட்கார்ந்து, விமானத்தின் மூக்குக்கு மேலே ஓடுதளம் தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்துத் தரையிறக்குவார்கள். கூச்சப்படாமல் ஒரு குஷன் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே குஷனாக இருக்கட்டும். கண்ணின் உயரம் மாறினால் ஓடுதளம் தெரியும் கோணம் மாறும், தரையிறக்கக் கணிப்பும் மாறும். உட்கார்ந்ததும் இரண்டு ரட்டர் பெடலையும் கடைசி வரை மிதித்துப் பாருங்கள். இருக்கை தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று அசைத்தும் பாருங்கள். ஏர்பஸ்ஸில் முன்கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூணில் சின்னஞ்சிறு உருண்டைகள் இருக்கும், சிவப்பும் வெள்ளையுமாக. வெள்ளை உருண்டை சிவப்புக்குப் பின்னால் மறையும்படி இருக்கையை ஏற்றி இறக்க வேண்டும். கண் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தடி உயரமானாலும் ஆறடி உயரமானாலும் எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் பறக்கிறார்கள்.

"இத்தனை சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் எடுப்பார்கள்" என்று யாராவது சொன்னால், அது விமானப்படைக்கான விதியா, பயணிகள் விமானத்துக்கான விதியா என்று கேளுங்கள். விமானப்படையில் குறைந்தபட்ச உயரம் உண்டு. சிவில் விமானி உரிமத்துக்கு மருத்துவத் தகுதிதான் அளவுகோல்; சில பயிற்சிப் பள்ளிகள் தனியாக உயர வரம்பு வைத்திருக்கலாம், அதைச் சேரும் முன் கேளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆசையையே கைவிட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இது பெண்களுக்குப் புதிய துறை என்று நினைப்பது

1936-இல் லாகூரில் சரளா தக்ரால் தனியாக விமானம் ஓட்டினார். நம் சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம், பெங்களூரு ஜக்கூரில் பயிற்சி பெற்றவர். 1951-இல் மதராஸ் அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தைக் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துடன் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். புளூ கிராஸைத் தொடங்கியதும் இதே தம்பதிதான். 1966-இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி ஆனார். 1985-இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு, முழுக்கப் பெண்களே இயக்கிய ஃபாக்கர் விமானத்தை ஓட்டினார்கள். தாத்தா பாட்டியிடம் பேசும்போது இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். "நம்ம பக்கத்துல யாரும் போனதில்லையே" என்ற பேச்சு அதோடு நிற்கும்.

மருத்துவச் சோதனையைத் தள்ளிப்போடுவது

இதுதான் மிகப் பெரிய தவறு என்பேன். மாணவர் உரிமத்துக்கு கிளாஸ் 2 மருத்துவச் சான்று போதும். ஆனால் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டிய சிபிஎல் உரிமத்துக்கு கிளாஸ் 1 வேண்டும். கிளாஸ் 2 கிடைத்த சந்தோஷத்தில் பள்ளிக்குப் பணம் கட்டிவிட்டு, கிளாஸ் 1-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். நிறங்களைப் பிரித்தறியும் குறைபாடோ இதயத்தில் ஏதாவதோ அப்போது தெரியவந்தால் போட்ட பணம் என்ன ஆவது? இரண்டு சான்றும் கைக்கு வந்த பிறகே பெரிய தொகையைக் கட்டுங்கள்.

கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் தடை இல்லை. பார்வையைச் சரிசெய்யும் லேசிக் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் முன், விமானிகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற மருத்துவரைக் கேளுங்கள், செய்துகொண்ட பிறகு அல்ல.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஹீமோகுளோபின். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு, கோச்சிங் என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நேரே மருத்துவச் சோதனைக்குப் போனால் அங்கே நிறுத்திவைப்பார்கள். சோதனைக்குச் சில மாதம் முன்பே பக்கத்து லேபில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

மாதவிடாய் வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பறக்கப் போவதும் ஆபத்து. வயிற்றுப் பிடிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கத்தையும் பார்வை மங்கலையும் தரும். எது சரி என்று விமான மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலி தாங்காத நாளில் பயிற்றுநரிடம் "இன்னைக்கு முடியல சார்" என்று சொன்னால் போதும், காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் காத்திருந்து பறக்கும் பெண்கள் இருக்கிறார்கள். உடலில் நீர் குறைந்தால் கவனம் சிதறும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது வகுப்பறைக்கு முன் கழிப்பறையைப் பாருங்கள்.

இனிஷியல் சிக்கல்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் வேறு ஒரு எழுத்துக்கூட்டல். டிஜிசிஏ தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் எண் வாங்கும்போதே இது வந்து நிற்கும். எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் வரும்படி முதலிலேயே சரிசெய்யுங்கள். பிளஸ் டூ சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள், அதற்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதாக இருந்தால் உரிமம், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து யோசியுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மொழித் தகுதியில் நான்காம் நிலை போதும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதற்கு வகுக்கப்பட்ட சொற்கள் உண்டு, பழகினால் வந்துவிடும். எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் எடுப்பதுதான் உழைப்பு கேட்கும் வேலை.

பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவது

சிபிஎல் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியது. இந்தியாவில் இதற்கு ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் ஆகிறது. ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் செலவு தனி. மனையை அடமானம் வைத்தோ மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுத்தோதான் பல வீடுகளில் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்குக் காவல் வேண்டாமா? பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். "எத்தனை விமானம் இருக்கு" என்று கேட்காமல் "இன்றைக்கு எத்தனை பறக்கிற நிலையில் இருக்கு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், போன பேட்ச் முடிக்க எத்தனை மாதம் ஆச்சு" என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்ட பதிலை விடுதியில் இருக்கும் மாணவிகளிடமும் சரிபாருங்கள். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசின் நிறுவனம். அங்கே நுழைவுத் தேர்வு உண்டு.

உரிமம் வாங்கியதும் வேலை காத்திருக்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள். சில சமயம் காத்திருக்க வேண்டியது நாம்தான். அந்த இடைவெளியில், "உரிமம்தான் வந்தாச்சே, கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பியே பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பறக்காமல் விட்டால் கையும் மறக்கும், புதுப்பிக்கும் செலவும் ஏறும். மகன் படித்திருந்தால் இந்த நேரத்தில் என்ன செய்திருப்பீர்களோ அதையே மகளுக்கும் செய்யுங்கள்.

புகார் செய்யும் வழியைக் கேட்காமல் சேர்வது

சிறிய விமானத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பறக்கும் பயிற்சி இது. எல்லை மீறும் பயிற்றுநர் யாராவது இருந்தால், "கையெழுத்து அவர் கையில்தானே இருக்கு" என்ற பயம் மாணவியின் வாயை அடைத்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே ஊழியராக இல்லாத பெண்ணும் புகார் தரலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். சேரும் நாளிலேயே குழுவில் யார் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் சேர வேண்டாம்.

காக்பிட்டில் வாய் மூடி இருப்பது

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். காக்பிட்டில் அந்த வளர்ப்பு உயிரைக் குடிக்கும். 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்தது நினைவிருக்கும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிக உயரத்திலிருந்து இறங்கி வந்தபோது, துணை விமானி ஒருமுறை அல்ல, மூன்று முறை "கோ அரவுண்ட்", அதாவது தரையிறங்காமல் மேலே போய்ச் சுற்றி வரச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். அந்தத் துணை விமானி ஓர் ஆண். சொல்லியும் கேட்கப்படாத நிலை அது. சொல்லவே தயங்கினால் என்ன ஆகும்?

ஆகவே பயிற்சிக் காலத்திலேயே பழகுங்கள். வேகம் குறைந்தால் "ஸ்பீட்" என்று உரக்கச் சொல்லுங்கள், "சார், கொஞ்சம் வேகம் குறையுதோ" என்று இழுக்காதீர்கள். யார் "கோ அரவுண்ட்" சொன்னாலும் மேலே போய்விடுவது என்பதே இன்று பயணிகள் விமானங்களில் பரவலாக உள்ள நடைமுறை. தரையிலேயே பறப்பதைப் பழகும் சிமுலேட்டரில் பயிற்றுநர் வேண்டுமென்றே தவறு செய்து காட்டும்போது சுட்டிக்காட்டத் தயங்கும் மாணவிக்கு, பறக்கும் திறமை இருந்தும் மதிப்பெண் குறைகிறது. அதிகாரமாகப் பேசினால் திமிர் பிடித்தவள் என்பார்களோ என்ற எண்ணத்தை விமானத்தில் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள்.

குழந்தை பிறப்பைப் பற்றித் திட்டமிடாமல் இருப்பது

கர்ப்பம் உறுதியானதும் நிறுவனத்துக்கும் விமான மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்துப் பறப்பது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லதல்ல, உரிமத்துக்கும் ஆபத்து. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் விமானியின் வருமானத்தில் பறக்கும் மணி நேரத்துக்கான தொகையும் சேர்ந்திருக்கும். தரையில் இருக்கும் மாதங்களில் கைக்கு என்ன வரும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் இது ரொம்ப முக்கியம்.

திரும்பி வரும்போது மருத்துவத் தகுதி மறுபடி பார்க்கப்படும். கடைசி 90 நாளில் மூன்று முறை மேலெழும்பித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, எனவே சிமுலேட்டர் நேரம் தேவைப்படும். விடுப்பு முடிந்த பிறகு தேதி கேட்டால் மேலும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே மருத்துவச் சோதனைக்கும் சிமுலேட்டருக்கும் தேதி வாங்கிவிடுங்கள். இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அதே வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் கணவரும் இருக்கட்டும்.