பாதியில் விடாமல் எடையைக் குறைக்க: இலக்கு வைப்பது எப்படி?

எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்த முதல் வாரத்தில் யாருக்கும் உற்சாகத்துக்குக் குறைவிருக்காது. புது ஷூ வாங்குவோம், அதிகாலைக்கு அலாரம் வைப்போம், இனி இனிப்பைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிடுவோம். மூன்றாவது வாரத்தில்தான் சோதனை ஆரம்பிக்கும். நான் இப்படி மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் பாதியில் விட்டேன். ஒவ்வொரு முறையும் மன உறுதி போதவில்லை என்றுதான் நினைத்தேன். நான்காவது முறை தொடங்கும் முன் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "மூன்று மாதத்தில் 20 கிலோ" என்று எழுதியிருந்தேன். எவ்வளவு உறுதி இருந்தாலும் நிறைவேறாத இலக்கு அது. அதை எழுதிய அன்றே பாதியில் விடுவதும் முடிவாகிவிட்டது.

அதனால் இந்தப் பதிவில் என்ன சாப்பிடுவது, எந்த உடற்பயிற்சி நல்லது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. இலக்கை எப்படி வைத்தால் மூன்றாவது வாரத்தையும் மூன்றாவது மாதத்தையும் தாண்டலாம் என்பதை மட்டும் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சாப்பாடு விஷயத்தில் முன்பு மனரீதியாகச் சிரமப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் அப்படித்தான். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தைராய்டு குறைபாட்டாலும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும்கூட எடை ஏறும். காரணம் அங்கே இருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 1: இன்றைய நிலையை எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், எடை பாருங்கள். எப்போதும் அதே மெஷின், அதே நேரம். அப்புறம் ஒரு இன்ச் டேப் எடுத்து வயிற்றைச் சுற்றி அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

கூடவே, உடம்பு இப்போது எதில் சிரமப்படுகிறது என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா, இப்படி. எடை மெஷின் அசையாத வாரங்களில் இந்த வரிகள் கைகொடுக்கும்.

படி 2: முதல் இலக்கு 5 சதவீதம்

84 கிலோ இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். "60 ஆக வேண்டும்" என்பதுதான் அவர் மனதில் இருக்கும். ஆனால் நோட்டில் எழுத வேண்டியது 80. அதாவது, இப்போதைய எடையில் 5 சதவீதம் மட்டும் குறைவது. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, ரத்தத்திலுள்ள கொழுப்பு ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிய ஆரம்பிக்கும். 2002இல் வெளியான அமெரிக்காவின் பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு வெறும் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான். சராசரியாக அவர்கள் குறைத்தது 5.6 கிலோ. அதற்கே, புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

இலக்கு பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 1997இல் வெளியானது. உடல் பருமன் உள்ள 60 பெண்களிடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதம் என்றார்கள். 48 வாரச் சிகிச்சையின் முடிவில் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. யாரும் மகிழ்ச்சியடைய வேண்டிய அளவு அது. ஆனாலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர், "இந்த அளவு குறைந்தால் எனக்கு ஏமாற்றம்தான்" என்று முன்பே சொல்லியிருந்த எடையைக்கூட எட்டவில்லை. 16 கிலோவையும் தோல்வியாக உணர வைத்தது அவர்கள் தொடக்கத்தில் வைத்த எண்தான். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

காலக்கெடு? வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம் என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் அரை கிலோவுக்கும் கீழேயே கணக்கு வைப்பது நல்லது என்பது என் கருத்து. 4 கிலோவுக்கு மூன்று மாதம் கொடுங்கள். காய்ச்சல், விசேஷம், வேலை நெருக்கடி எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் கட்டாயம் வரும். அவற்றுக்கும் இடம் வேண்டும்.

படி 3: கிலோவைச் செயலாக மாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். இந்த வாரம் அரை கிலோ குறைய வேண்டும் என்று உடம்புக்கு நாம் உத்தரவு போட முடியாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அதை வைத்து, தினமும் 500 கலோரி குறைத்தால் வாரம் அரை கிலோ குறையும் என்று கணக்குப் போடுவார்கள். காகிதத்தில் சரி. ஆனால் எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும், பசியும் கூடும். அதனால் நாள் ஆக ஆக அந்தக் கணக்கு பிசகும். இரவு சாப்பிட்டதும் 15 நிமிடம் நடப்பது அப்படியல்ல. நடந்தோமா இல்லையா என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

ஆகவே 80 கிலோ என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். தினமும் செய்ய வேண்டியதாக இரண்டே இரண்டு செயல்களைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாட்டில் ஒன்று, அசைவில் ஒன்று. ஐந்து ஆறு மாற்றங்களை ஒரே நாளில் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஏனென்றால் ஒன்று தவறினால் மற்றவையும் கூடவே போய்விடும்.

செயலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. "இனி நிறைய நடப்பேன்" என்பது ஆசை. "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், செருப்பைப் போட்டுக்கொண்டு 15 நிமிடம் நடப்பேன்" என்பது திட்டம். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம். தடங்கலுக்கும் இப்படியே எழுதலாம்: மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நடப்பேன். யாராவது இனிப்பு நீட்டினால் ஒன்று எடுத்துக்கொண்டு, தட்டைத் தள்ளி வைப்பேன்.

எழுதிய செயலை ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள். தூக்கமில்லாமல், வேலை முடிந்து, தலைவலியோடு வீடு திரும்பும் நாளில் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்று பட்டால் பாதியாகக் குறையுங்கள். 30 நிமிடம் 15 ஆகட்டும், 15 நிமிடம் 7 ஆகட்டும். நல்ல நாளில் அதிகமாக நடப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. தினமும் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்று மிரள வேண்டாம். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவு கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்த எல்லை அல்ல. இன்று 3,000 காலடி நடப்பவருக்கு 4,000 காலடியே நல்ல இலக்கு.

படி 4: எடை மெஷினைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்து, அடுத்த வாரம் எதுவுமே குறையாமல் மனம் உடைந்தவர்கள் ஏராளம். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான், கூடவே தண்ணீரும் போகிறது. ஆகவே முதல் வார இரண்டு கிலோவில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். அதை வைத்து, இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள், பொங்கலுக்குள் என்றெல்லாம் கணக்குப் போட வேண்டாம்.

அதேபோல் உப்பு கூடினால், மலச்சிக்கல் இருந்தால், மாதவிடாய் நெருங்கினால், புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால், ஒரே நாளில் ஒரு கிலோ ஏறிக் காட்டலாம். அது கொழுப்பு அல்ல. ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர, அன்றைய தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும்!

இதற்கு வழி வாரச் சராசரி. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்த ஒரு எண்ணை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தினசரி எண் பதற்றம் தருகிறது என்றால் வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். அதுவும் மனதைக் கெடுக்கிறது என்றால் மெஷினை எடுத்து வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை இன்ச் டேப் மட்டும் எடுங்கள். அதில் தவறே இல்லை.

படி 5: தவறும் நாளுக்கும் திட்டம் வையுங்கள்

ஒரு விருந்தில் கூடுதலாக 800 கலோரி சாப்பிட்டுவிட்டீர்கள். கணக்குப்படி அது சுமார் 100 கிராம் கொழுப்பு. ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். உண்மையான சேதம் அதற்குப் பிறகு நடப்பது: "எப்படியும் இன்று கெட்டுவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்." உளவியலாளர்கள் ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த மனநிலையைத்தான். டயட்டில் இருப்பவர்கள், கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்று நினைத்த கணத்திலிருந்து, வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடுவதை அவர்கள் கவனித்தார்கள்.

அதனால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளையே வழக்கமான சாப்பாடு. பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம், இரண்டு மடங்கு நடந்து தண்டனை கொடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

படி 6: செய்த நாட்களை எண்ணுங்கள்

காலண்டரில், செயலைச் செய்த நாளுக்கு ஒரு டிக். மாதத்தில் 22 டிக் இருந்தால் அது நல்ல மாதம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று கேட்டு நம்பி, 25ஆவது நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். "எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்காமல், "இன்னைக்கு நடந்தாச்சா?" என்று கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.

படி 7: எடை நின்றுபோகும்போது

ஒரு கட்டத்தில் நான்கைந்து வாரம் சராசரி அசையாது. எல்லோருக்கும் இது நடக்கும். எடை குறைந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுவதும், வயிறு நிறைந்தது என்று உணர்த்துபவை குறைவதும் ஒரு வருடம் கழித்தும் நீடித்ததை 2011இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பசி அதிகமாக எடுப்பது உங்கள் பலவீனம் அல்ல, உடம்பு தன் பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கிறது.

அப்போது சாப்பாட்டை மேலும் வெட்டும் முன், அந்த இரண்டு செயல்களும் தளர்ந்திருக்கிறதா என்று காலண்டரைப் பாருங்கள். தளரவில்லை என்றால், ஒரு மாதம் இதே எடையில் நிற்பதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். குறைத்ததைப் பிடித்து வைத்திருப்பதும் பழக வேண்டிய வேலைதான். அதன்பின், அன்றைய எடையில் மீண்டும் 5 சதவீதம் கணக்கிட்டு, மூன்றாவதாக ஒரு சின்னச் செயலைச் சேருங்கள்.

சரி, இன்று இரவு செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. நோட்டின் முதல் பக்கத்தில் 5 சதவீத எண், இரண்டாம் பக்கத்தில் இரண்டு செயல்கள், மூன்றாம் பக்கத்தில் மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதி. எடையும் இடுப்பளவும் நாளைக் காலை எடுத்துக்கொள்ளலாம்.