மருந்தென்று நினைத்தது கிளிசரால்: புரதப் படிகவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதத்தைத் துளியில் படிகமாக வளர்த்து, எக்ஸ்-கதிர் பாய்ச்சி அதன் அணு அமைப்பைக் கண்டறிவதே புரதப் படிகவியல். உப்புப் படிகத்தைப் புரதம் என்று கொண்டாடுவது, துளியில் காற்றுக்குமிழி விடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. முதல் மாதத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். வேலூரை ஒட்டிய காட்பாடியில் எங்கள் ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் வரும் புதிய ஆய்வு மாணவர்கள் திட்டு வாங்காமலே தொடரும் தவறுகள் வேறு.

படிகம் வளரும் தட்டை மேசையில் விட்டுப் போவது

வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மின்சாரம் போய் ஏசி நின்றால் அறை கொதிக்கும். மீண்டும் குளிரும்போது துளி தொங்கும் கண்ணாடி மூடியான கவர்ஸ்லிப்பின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோக்கும்; அது தொங்கும் துளியோடு சேர்ந்தால் படிகம் கரையும். யுபிஎஸ் இணைப்புள்ள இன்குபேட்டரில் வையுங்கள்.

ராமச்சந்திரன் வரைபடத்தைக் கடைசி நாளில் திறப்பது

புரதச் சங்கிலியின் திருகு கோணங்கள் இயல்பானவையா என்று காட்டும் இந்த வரைபடம் 1963-இல் சென்னையில் பிறந்தது. முதல் நாளே திறந்து பாருங்கள்.

இல்லாத மருந்தைப் பொருத்துவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். புரதத்தின் பள்ளத்தில் தன் மருந்து மூலக்கூறு கச்சிதமாக உட்கார்ந்திருப்பதாக ஒரு மாணவர் திரையைத் திருப்பிக் காட்டினார். வெப்பக் காரணியைப் பார்த்தேன் (அணு தன் இடத்தில் எவ்வளவு உறுதியாக இல்லை என்பதைச் சொல்லும் எண்; கூடினால் சந்தேகம்): மருந்துக்கு 110, சுற்றியிருந்த அமினோ அமிலங்களுக்கு 30. மருந்தை நீக்கி, மாதிரியை அளவீடுகளோடு பொருந்துமாறு மறுபடி சீராக்கி, வேறுபாட்டு வரைபடத்தை (மாதிரியில் இல்லாமல் அளவீட்டில் மட்டும் தெரிவதைப் பச்சையாகக் காட்டுவது) 3 சிக்மாவில், அதாவது இரைச்சலைவிட மூன்று மடங்கு உயரத்தில், வைக்கச் சொன்னேன். மூன்று கார்பன் நீளத்துக்கு வளைந்த பச்சைத் திட்டு ஒன்றுதான் மிஞ்சியது.

"திரவ நைட்ரஜனில் உறைய வைக்குமுன் எதில் தோய்த்தீர்கள்?"

"25 சதவீதக் கிளிசராலில், சார்."

பனிக்கட்டி உருவாகாமல் காக்கச் சேர்க்கும் மூன்று கார்பன் கிளிசரால், அதுதான் அங்கே உட்கார்ந்திருந்தது. அதற்குள் பக்கத்து ஆய்வகத்தில் அந்த அமைப்பை நம்பி, மருந்தின் மாற்று வடிவங்களைத் தயாரித்தே முடித்திருந்தார்கள்.

எக்ஸ்-கதிர்ச் சிதறலில் நாம் அளப்பது கதிரின் செறிவை மட்டுமே; கட்டக்கோணத்தை, அதாவது அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதை, பெரும்பாலும் நாம் வைக்கும் அணு மாதிரியிடம்தான் கடன் வாங்குகிறோம். 2021-க்குப் பிறகு புரத அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு தயவில் தொடக்க மாதிரி சுலபமாகக் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் வரைபடம் கிளிப்பிள்ளை. நாம் வைத்ததையே திருப்பிச் சொல்லும். ஆகவே புரதத்தை முழுதாகச் சீராக்குங்கள். மருந்தை வைப்பதற்கு முந்தைய வரைபடத்தைத் தனியாகச் சேமியுங்கள். கட்டுரையிலும் அதையே காட்டுங்கள். சிக்மாவைக் குறைத்துக்கொண்டே போனால் எந்தப் பள்ளத்திலும் எந்த மருந்தும் தெரியும்.

ஆர்-ஃப்ரீ தொகுதியைப் புதிதாகக் குலுக்குவது

மாதிரி உண்மையிலேயே சரியா, அளவீட்டை மனப்பாடம் செய்ததா என்று பார்க்க, படிகவியலாளர் புரூங்கர் 1992-இல் தந்த சோதனை எண் ஆர்-ஃப்ரீ. 5 முதல் 10 சதவீதப் பிரதிபலிப்புகளை (சிதறிய கதிர்ப் புள்ளிகளை)ச் சீராக்கலில் சேர்க்காமல் ஒதுக்குகிறோம். அதே வகைப் படிகத்தில் அடுத்த மருந்துக்குப் போகும்போது பழைய தொகுதியையே கொண்டுவர வேண்டும். புதிதாகக் குலுக்கினால், மாதிரி ஏற்கெனவே பார்த்த கேள்விகளே தேர்வில் வரும். எண் அழகாக இறங்கும், பொய்யாக.