பினாங்கு வெயிலுக்கேற்ற செடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போனவர்களுக்கு அந்த மாதத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலை காலைச் சுடும், ஓரத்துப் புல் பழுத்துக் கிடக்கும். பினாங்கில் டிசம்பர் கடைசியில் தொடங்கும் வறட்சி பிப்ரவரி வரை இழுக்கும். ஆயர் ஈத்தாம் அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு எழுவதும் அப்போதுதான். உடனே நர்சரிக்குப் போய், "தண்ணி அதிகம் கேட்காத செடி இருக்கா?" என்று கேட்போம். கடைக்காரரும் பாலைவன ரோஜாவை எடுத்து நீட்டுவார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பாலைவன ரோஜா ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பிறந்த செடி. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். சீனப் புத்தாண்டு நேரத்தில் அது பூத்து நிற்கும் அழகைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வறட்சி பாலைவன வறட்சி இல்லை. இரண்டு மாதம் காயும். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொட்டு கொட்டென்று கொட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற தீவு இது. வெயிலுக்கு அசையாத பாலைவன ரோஜா அந்த மழையில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். கள்ளி வகைகளுக்கும் இதே கதிதான். நமக்கு வேண்டியது, வயல்காரர்கள் சொல்வது போல, காய்ச்சலையும் பாய்ச்சலையும் தாங்கும் செடி.

அப்படிப்பட்ட செடிகள் கடற்கரையில் இருக்கின்றன. மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது, நாலு நாள் வெயிலடித்தால் காய்ந்துவிடும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. பத்து பெரிங்கிக் கடற்கரையில் மணல்மேல் படர்ந்து ஊதாப் பூ பூக்கும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். இலை குளம்பு போலப் பிளந்திருப்பதால் மலாய்க்காரர்கள் அதைத் தாப்பாக் கூடா என்கிறார்கள், குதிரைக் காலடி என்று பொருள். நம் நெய்தல் பாட்டுகளில் வரும் அடும்பு அதுதான். பெரிய கருவண்டுகள் அந்தப் பூவுக்குள் தலையை விட்டுப் புரள்வதைப் பார்க்கக் காலையில் போக வேண்டும்.

இரண்டாவது தவறு, எது இந்த மண்ணின் செடி, எது வந்த செடி என்பதைக் கண்ணுக்குப் பழகியதை வைத்து முடிவு செய்வது. இதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு விசித்திரமான குழப்பம் உண்டு. பூவரசு, புன்னை, அடும்பு, நொச்சி எல்லாம் தாத்தா கப்பலில் கொண்டுவந்த ஊர்ச் செடி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை வங்காள விரிகுடாவின் இரண்டு கரையிலும் தாமாக வளர்கிறவை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்கு, இன்றைய ஜார்ஜ்டவுனுக்கு, தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா என்றால் புன்னை. நம் மரம் என்று நாம் நினைப்பதன் பெயரில்தான் இந்த ஊரே தொடங்கியது!

மறுபக்கம், நர்சரி வாசலில் வரிசையாக நிற்பவற்றில் பல, தென்னமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. காகிதப்பூவை எடுத்துக்கொள்வோம். மலாயிலும் அதற்குப் புங்கா கெர்தாஸ், அதாவது காகிதப்பூ என்றே பெயர். வறட்சியைத் தாங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். நம் தேனீக்கள் அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. கெம்போஜா என்கிற ஈழத்தலரி அதைவிட மோசம்: இரவில் வாசனையைக் காட்டி அந்துப்பூச்சியை வரவழைக்கும், உள்ளே ஒரு சொட்டுத் தேன் இருக்காது. 1960-இல் தேசிய மலரான புங்கா ராயா, அதாவது செம்பருத்திகூட இங்கே பிறந்ததல்ல. இவற்றையெல்லாம் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வாசலிலும் காகிதப்பூ இருக்கிறது. பத்துத் தொட்டி இருந்தால் பத்தும் அதுவாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான். உண்ணிச்செடியை மட்டும் வாங்காதீர்கள். பட்டாம்பூச்சிகள் மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, அது புதராகிப் பக்கத்துச் செடிகளை அமுக்கிவிடும்.

அடுக்குப் பூக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள்தாம் கூடுதல் இதழ்களாக மாறியிருக்கின்றன. பூச்சிக்கு அங்கே கிடைப்பது குறைவு. ஒற்றை இதழ் வகையையே கேட்டு வாங்குங்கள்.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் தவறு. பட்டாம்பூச்சி வேண்டும், ஆனால் புழு வேண்டாம் என்பது. நம் வீடுகளில் கறிவேப்பிலை இல்லாத வாசல் அபூர்வம். அதன் தாயகம் இந்தியப் பக்கம்தான், ஆனாலும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அதில் ஆசையாக முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் போலத் தெரியும், வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அதற்குள் நாம் மருந்தடித்துவிடுகிறோம், பிறகு அதே செடியிலிருந்து ரசத்துக்கு இலை பறிக்கிறோம்! இரண்டு கிளையைப் புழுவுக்கு விடுங்கள், செடி மறுபடி துளிர்க்கும். எருக்கும் அப்படித்தான். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டும் அதே எருக்கு. ஆரஞ்சுச் சிறகில் கருப்பு ஓரம் வைத்த வெந்தய வரியனின் புழு அதன் இலையைத் தின்றே வளர்கிறது. மண் எவ்வளவு வறண்டாலும் எருக்கு நிற்கும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றாலும் பூத்த செடிமேல் காலையில் அடிக்காதீர்கள். கெலுலுட் என்று நாம் தேன் வாங்கிச் சாப்பிடும் கொடுக்கில்லாத குட்டித் தேனீக்கள் அந்த நேரத்தில்தான் பூ பூவாகச் சுற்றுகின்றன.

களை என்று பிடுங்குவதில் முதலிடம் செண்டுடுக்குக்கு. மேட்டு நிலத்தில், வெட்டிய மலைச்சரிவில், எங்கும் ஊதாப் பூவோடு நிற்கிற புதர்தான். புளித்த செம்மண் அதற்குச் சொர்க்கம். அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் சும்மா தராது: கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிரும். கிட்டே நின்றால் அந்த ரீங்காரம் சட்டென்று மாறுவது காதுக்கே கேட்கும். பழம் வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. மெர்பா என்கிற சின்னான் குருவியும் பூக்கொத்தியும் தின்றுவிட்டு விதையை உங்கள் தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போகும். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, முளைத்ததைப் பிடுங்காமல் இருந்தால் போதும். பறவையும் போடவில்லை என்றால் தெரிந்தவர் தோட்டத்தில் கேளுங்கள். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் போய் வேரோடு கிளப்பிக்கொண்டு வராதீர்கள்.

வறட்சியைத் தாங்கும் செடி என்றால் முதல் நாளிலிருந்தே தாங்கும் என்று நினைப்பது இன்னொன்று. வேர் இறங்கும் வரை எல்லாச் செடியும் கைக்குழந்தைதான். ஆகஸ்டு, செப்டம்பரில் நட்டால் மழையே வளர்த்துவிடும். ஜனவரியில் நட்டால் நீங்கள் வாளியோடு அலைய வேண்டும். தேங்காய் மட்டையைப் பிய்த்து அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

குருவிக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டையும் தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டையும் மறந்துவிடுகிறோம். அவற்றில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். அது போனாலும், தெருவுக்கே புகையடிக்க வருவார்கள், அந்தப் புகை கொசுவையும் தேனீயையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குருவித் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு மாற்றுங்கள். தொட்டித் தட்டு தேவையே இல்லை.

புன்னையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதைத் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் நடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கோயில் வளாகத்துக்கும் பள்ளித் திடலுக்குமான மரம். ஆல், அத்தி இனத்து மரங்களோ சாக்கடைச் சுவரையே பிளந்துவிடும்.

சின்ன இடத்துக்கு என்னைக் கேட்டால் கடலோர நொச்சி. வடக்கில் நாசி லெமுனி என்ற சோற்றுக்கு அரைத்துப் போடும் லெமுனி இலை இதுதான். அம்மா சளிக்கு ஆவி பிடிக்க வைத்ததும் இதன் சொந்தத்தைத்தான். ஊதாநீலப் பூவில் பகலெல்லாம் தேனீ. முதல் முறை நான் அதை வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நட்டேன். புல் வெட்ட வந்தவர் ஒரே இழுப்பில் அதையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது என் நிலம் இல்லையே. வெட்டிக் கிடந்ததில் பென்சில் பருமனுள்ள நாலு குச்சிகளைப் பொறுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினேன். மூன்று பிழைத்தன. ஒன்று இப்போது வேலிக்கு உள்ளே நிற்கிறது.