ஆங்கிலத்துக்குள் ஒளிந்திருக்கும் 'தான்'

'ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே இட்செல்ஃப்.' நம் ஊர் அலுவலகங்களில் இது காதில் விழாத நாளே இல்லை. மனதில் ஓடுவது 'நேற்றே அனுப்பிட்டேன்'. அந்த ஏகாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாய் ஒரு 'இட்செல்ஃப்' போட்டுவிடுகிறது. 'தான்' வந்தால் 'ஒன்லி': 'அவன்தான் சொன்னான்' என்பது 'ஹி ஒன்லி டோல்ட் மீ' ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. 'தான்' செய்கிற வேலையை அங்கே பெரும்பாலும் குரலே செய்துவிடுகிறது. 'ஹி' என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் போதும். எழுதும்போது குரல் இல்லையே என்றால், 'இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மீ' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம். 'நேற்றே' என்பதற்கு வெறும் 'யெஸ்டர்டே' போதும். நமக்குள் பேசும்போது 'இட்செல்ஃப்' இருந்தால் குடி முழுகிப் போகாது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதும் கட்டுரையிலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலிலும் எடுத்துவிடுங்கள்.

நிஜமாகவே வம்பில் மாட்டிவிடுவது 'யெஸ்', 'நோ'. 'பார்சல் வரலையா?' என்று கேட்டால், 'ஆமா, வரலை' என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கு நம் 'ஆமா'. ஆங்கிலக்காரர் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறார். வந்திருந்தால் 'யெஸ்', வரவில்லை என்றால் 'நோ'. 'டிடின்ட் யூ கெட் தி பார்சல்?' என்ற கேள்விக்கு வெறும் 'யெஸ்' சொல்லிவிட்டால், பார்சல் வந்துவிட்டதாகவே குறித்துக்கொள்வார்கள். பழகும் வரை ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் 'நோ, ஐ டிடின்ட்' என்று முழுதாகச் சொல்வது நல்லது.

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது தமிழைக் கேட்காததால் வருகிற பிழை. நாம் 'போகவில்லை' என்கிறோம், 'போனேன்வில்லை' என்பதில்லை. 'இல்லை' வந்ததும் வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று நிற்கிறது. அதே மாதிரிதான் 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துகொண்டபின் 'வென்ட்' வெறும் 'கோ' ஆகிவிடும்.

'எ', 'ஆன்' விஷயத்திலும் தமிழ் கைகொடுக்கும். ஓர் ஊர், ஒரு மரம் என்று உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' போடச் சொல்லித் தந்தார்களே, அதே கணக்குதான். ஆங்கில எழுத்துகளைப் பார்க்காமல், காதில் விழுவதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யூனிஃபார்ம் 'ய'வில் தொடங்குகிறது, ஆகவே 'எ யூனிஃபார்ம்'. எம்.எல்.ஏ. உயிரில் தொடங்குகிறார், ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.' மணிநேரத்தைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து ஊமை. காதுக்கு அது 'அவர்', எனவே 'ஆன்'.

'டூ இயர்ஸ்' முன்னால் 'சின்ஸ்' போடுகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 'இரண்டு வருஷமாக' என்றால் 'ஃபார்'. 'திங்கட்கிழமையிலிருந்து' என்றால் 'சின்ஸ்'. ஆனால் வினைச்சொல்லில் கவனம் தேவை. 'இரண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பதில் நமக்கு நிகழ்காலமே போதும். அவர்களுக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும்.

சின்னச் சின்னதாகச் சில: 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, பின்னால் 'அபவுட்' வேண்டாம். 'ஹி செட் மீ' தவறு. ஆளைக் குறிப்பிட்டால் 'ஹி டோல்ட் மீ'.

தமிழிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு சொல்லும் உண்டு: 'எத்தனையாவது'. 'கலாம் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?' என்று ஆங்கிலத்தில் கேட்கப் பார்த்தால், நன்றாகப் படித்தவர்களே திணறுவார்கள். அதற்கு நேரான ஒற்றைச் சொல் அங்கே புழக்கத்தில் இல்லை. 'ஹவ் மெனி பிரசிடென்ட்ஸ் கேம் பிஃபோர் கலாம்?' என்று கேட்டுவிட்டு, வருகிற விடையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.