‘பைவீக்லி’ வேண்டாம், ‘ஃபோர்ட்நைட்லி’ போடுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆங்கில மின்னஞ்சலில் எழுத வேண்டுமானால் ‘ஃபோர்ட்நைட்லி’ என்று எழுதுங்கள். ‘பைவீக்லி’க்கு அகராதியிலேயே இரண்டு பொருள்: வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை. நீங்கள் ஒன்றை நினைத்து எழுத, படிப்பவர் மற்றதை எடுத்துக்கொள்வார்.

ஃபோர்ட்நைட்டில் அந்தக் குழப்பமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்ற இரு சொற்கள் தேய்ந்து ஒன்றானதுதான் அது. பகலை விட்டு இரவை எண்ணுவது பழைய ஜெர்மானிய வழக்கம். ரோமானியரான டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே இதைக் குறித்திருக்கிறார். ஏழு இரவைக் குறித்த ‘செனைட்’ வழக்கொழிந்துவிட்டது, இது மட்டும் தப்பித்தது.

ஆனால் இதை ‘மாதமிருமுறை’ என்று தமிழாக்காதீர்கள். 14 நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26 தடவை, மாதமிருமுறை என்றால் 24தான். சம்பளம், கடன் தவணைக் கணக்கில் அந்த இரண்டு பெரிதாகவே இடிக்கும்.

அமெரிக்கர்களுக்கு எழுதும்போது இந்தச் சொல் உதவாது, அங்கே புழக்கம் குறைவு. அவர்களுக்கு ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்று எழுதி, தொடங்கும் தேதியையும் சேர்த்துக் கொடுங்கள்.