கதைமாந்தரை நீங்களே கீறுங்கள்: எழுதுபவர்களுக்கான முதற்படிச் செய்முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) விற்கும் ஒரு கிழவியைப் பற்றிச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். மழை பெய்கிறது. கிழவி தலையில் கடகம் என்ற பனையோலைக் கூடையோடும் கையில் குடையோடும் வீதியோரம் நிற்கிறாள். பஸ் வருவது தெரிந்ததும் இடுப்பில் செருகியிருக்கும் கொட்டப்பெட்டியை எடுத்துத் திறந்து காசை எண்ணுகிறாள். நான்கு தடவை திருத்திய பந்தி அது. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

ஓர் இரவு அவளைக் கொப்பியில் படமாகக் கீறிப் பார்த்தேன். வலக்கையில் குடை. இடக்கை கடகத்தின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. அப்படியானால் கொட்டப்பெட்டியை எடுத்தது எந்தக் கை?

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், குடையை வாங்கிப் பிடிக்க ஒரு பையன் கதைக்குள் வந்தான். வந்தவன் கதையின் பாதியை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கதை எழுதுகிற நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்: உங்கள் ஆட்களை நீங்களே கீறிப் பாருங்கள். அழகான படம் வேண்டியதில்லை. அட்டைப்படத்துக்கு ஓவியர்கள் இருக்கிறார்கள். ‘கிழவி நின்றாள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். கீறும்போது, எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள் என்று முடிவெடுக்காமல் ஒரு கோடும் போட முடியாது.

பாடசாலைச் சித்திர பாடத்தோடு பென்சிலை வைத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயது போய்விட்டது என்று நினைப்பவர்கள் தாகூரை நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியில் வெட்டிய சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கி விளையாடிய மனிதர், அறுபது வயதைக் கடந்த பிறகே ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது.

தேவையானவை

ஒரு எச்பி பென்சில், அதைவிட மென்மையான ஒரு 2பி பென்சில், கோடு போடாத கொப்பி ஒன்று, அடிமட்டம். இவ்வளவு போதும். அழிறப்பரை முதல் இரண்டு வாரங்களுக்கு மேசை லாச்சிக்குள் வைத்துவிடுங்கள். பிழையான கோட்டை அப்படியே விட்டு, அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எவ்வளவு விலகிப் போனோம் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் கை திருந்தும். டப்லெட் வைத்திருப்பவர்களுக்கு கிரிட்டா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நல்லது. ஆனாலும் தொடக்கத்தில் தாளையே பரிந்துரைப்பேன்.

முதலாவது படி: கதையிலிருந்து உடலைப் பிரித்தெடுங்கள்

நீங்கள் எழுதிய கதையை எடுத்து, அந்த ஆளின் உடலைப் பற்றிச் சொல்லியிருக்கும் இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். வயது, உயரம், நடை, உடுப்பு, கையில் இருக்கும் பொருள். ‘அன்பானவள்’, ‘பிடிவாதக்காரி’ போன்றவற்றைத் தொடாதீர்கள். என் கதையில் எட்டுப் பக்கங்களுக்கும் சேர்த்து ஐந்து வரிகள்தான் தேறின. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மீதியைக் கீறக் கீறக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது படி: முகத்தை விடுங்கள், நிலையைப் பிடியுங்கள்

புதிதாகக் கீறுபவர்கள் எல்லோரும் கண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். அரை மணி நேரம் கண்ணையும் இமையையும் நுணுக்கிவிட்டு, உடலுக்கு வரும்போது தாளில் இடமும் இருக்காது, மனதில் தெம்பும் இருக்காது. எனவே முகத்துக்கு ஒரு முட்டை வடிவம் போட்டுவிட்டு அப்பால் போங்கள்.

நீங்களே எழுந்து அந்த ஆளைப்போல நில்லுங்கள். இது மிக முக்கியம். ஒரு பானையில் பாதியளவு தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். கழுத்து தானாக நிமிர்ந்தது, வயிறு முன்னே வந்தது, பாதங்கள் விலகிக்கொண்டன. கிழவியைக் கூனலாக எழுதியிருந்தேன். கடகத்தைத் தலையில் வைத்த கணத்தில் அவளால் கூனிக்கொண்டு நிற்க முடியாது என்று என் கழுத்து சொன்னது. கடகத்தை இறக்கியதும்தான் அவள் கூனுவாள். கதையில் அவள் கடகத்தை இறக்கும் இடத்தை நான் ஒரே சொல்லில் கடந்து போயிருந்தேன்.

நின்று பார்த்த பிறகு, தலையுச்சியிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே ஒரு வளைகோடு போடுங்கள். அது உடல் போகும் திசை. அதன்மேல் தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு, அந்தக் காலின் பக்கம் இடுப்பு உயர்ந்தும் தோள் தாழ்ந்தும் இருக்கும். இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாயும். இந்தச் சாய்வு இல்லாத உருவம் கடைக் கண்ணாடிக்குள் நிறுத்திவைத்த பொம்மையைப்போலத் தெரியும். பிறகு கை கால்களுக்குக் கோடுகள், மூட்டுகளுக்குச் சிறு வட்டங்கள்.

தொலைபேசியில் ஒரு நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிலைக்கு ஒரு நிமிடம்தான். மணி அடித்ததும் கையை எடுத்துவிட்டு அடுத்த நிலைக்குப் போங்கள். ஒரு நாளைக்குப் பத்து. மூலையில் திகதி போட மறக்க வேண்டாம்.

மூன்றாவது படி: தலையை அளவுகோலாக்குங்கள்

உச்சியிலிருந்து நாடி வரையான நீளத்தை ஒரு தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. கைக்குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தரை. பத்து வயதில் ஆறு அல்லது ஆறரை. இந்தக் கணக்குத் தெரியாததால்தான் பலர் கீறும் பிள்ளைகள் சிறுத்துப்போன பெரியவர்களாக வருகிறார்கள்.

அடிமட்டத்தை எடுத்து, பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு நிலைக்கோடு போட்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு குறி வையுங்கள். ஏழரைத் தலை கிடைத்துவிடும். மொத்த உயரத்தின் நடுப்புள்ளி தொடைகள் பிரியும் இடம். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடை மட்டத்திலும், விரல் நுனி தொடையின் நடுவிலும் நிற்கும். விரல்களை நீட்டி உங்கள் கையை முகத்தில் வைத்துப் பாருங்கள்: நாடியிலிருந்து நெற்றி மயிர் தொடங்கும் இடம் வரை போகும். கையைச் சிறிதாகக் கீறுவதுதான் தொடக்கக்காரர்களின் பொதுவான பிழை.

இவை சராசரிகள். அளவைத் தெரிந்துகொண்டு, உங்கள் ஆளுக்காக மாற்றுங்கள். வாழ்நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவரின் கை, கணக்கில் சொன்னதைவிடப் பெரிதாகவே இருக்கட்டும்.

நான்காவது படி: இப்போது முகம்

முட்டை வடிவத்துக்குத் திரும்புங்கள். கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கின்றன. இதை யாரும் முதலில் நம்புவதில்லை. அடிமட்டத்தை வைத்துக் கண்ணாடி முன் அளந்து பாருங்கள். முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அளவு. இரண்டு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும். புருவத்துக்கும் நாடிக்கும் நடுவில் மூக்கின் அடி. காது, புருவத்திலிருந்து மூக்கடி வரை.

முதுமைக்குச் சுருக்கம் போடுவதல்ல முதல் வேலை. பல் போன வாயில் உதடுகள் உள்ளே மடங்கி, நாடிக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் குறையும். காதும் மூக்கும் நீண்டு தெரியும். கண்குழி ஆழமாகும். இவற்றைப் போட்ட பிறகு நெற்றியில் இரண்டு கோடுகள் போதும். சுருக்கம் நிறையப் போட்டால் முகம் காய்ந்த வயலாகிவிடும்.

ஐந்தாவது படி: கையும் பொருளும்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். முகத்தில் தெரியாத வாழ்க்கை, ஆள் வைத்திருக்கும் பொருளிலும் அதைப் பிடிக்கும் விதத்திலும் தெரியும்.

கொட்டப்பெட்டியையே எடுங்கள். பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டி. எங்கள் வீட்டில் அம்மம்மாவுடையது ஒன்று இருக்கிறது. அதை மேசையில் வைத்து மூன்று மாலைகள் கீறினேன். முதல் நாள் கீறியது வெறும் பெட்டி. இரண்டாம் நாள்தான், ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாகிக் கறுத்திருப்பதைக் கண்டேன். அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் பெருவிரலை வைத்துத் திறந்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தக் கறுப்பு விளிம்பில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அப்படிப் பிடிப்பதற்கு இடக்கைதான் ஒத்துவந்தது. அம்மம்மா இடக்கைக்காரி என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “ஓம், உனக்குத் தெரியாதா?” என்றார்.

கதைக் கிழவியையும் அன்றே இடக்கைக்காரி ஆக்கினேன்.

உங்கள் ஆளுக்குச் சொந்தமான ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: கள் இறக்குபவரின் பாளைக்கத்தி, தையல்காரரின் அளவு நாடா, சைக்கிள் சாவி, வங்கிப் புத்தகம். உண்மையான பொருளைக் கண்முன் வைத்துக் கீறுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கட்டுப் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். பிறகு கையைக் கீறுங்கள். உள்ளங்கைக்கு ஒரு சதுரம், நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே கையுறைபோல ஒரு வடிவம், பெருவிரலுக்குத் தனியாக ஓர் ஆப்பு. விரல்களைப் பிரிப்பது கடைசி வேலை. மாதிரிக்கு உங்கள் மற்றக் கையே இருக்கிறது.

ஆறாவது படி: வெளியே போங்கள்

யாழ்ப்பாணத்தில் உடல்களைப் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள். ஆண்கள் மேலாடையின்றிக் கோயிலுக்குள் போவதால், தோளும் முதுகும் கழுத்தும் வயதுக்கேற்ப எப்படி மாறுகின்றன என்று அங்கே தெரிவதுபோல வேறெங்கும் தெரியாது. கோயிலில் கொப்பியை விரிக்க வேண்டாம். பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வீட்டு விறாந்தையில் வந்து கீறுங்கள். நினைவிலிருந்து கீறும் பயிற்சி எழுதுபவருக்கு இரட்டிப்புப் பயன் தரும்.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருப்பவர்கள் நெடுநேரம் ஒரே நிலையில் நிற்பார்கள். அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. தூரத்தில் இருப்பவரை அளக்க, கையை முழுதாக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அவருடைய தலையின் நீளத்தைப் பெருவிரலால் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு உடலில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணலாம். முழங்கை மடியக் கூடாது. மடிந்தால் அளவு மாறிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பார்த்துப் பார்த்து எதையோ குறிப்பதை எங்கள் ஊரில் பலரால் தாங்க முடியாது. அந்தப் பயத்துக்குப் பின்னால் பல வருடங்கள் இருக்கின்றன. ஒருவர் உங்களைக் கவனித்துவிட்டால் கொப்பியைத் திருப்பிக் காட்டுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். சந்தையில் ஓர் ஆச்சி என் படத்தைப் பார்த்து, “கடகத்தை இப்பிடிப் பிடிச்சா விழுந்திடும் பிள்ளை” என்று சொல்லி, தானே பிடித்துக் காட்டினார். கேட்காமல் ஒளிந்து கீறியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

ஏழாவது படி: அதே ஆளை மறுபடியும்

ஒரு தடவை கீறுவது எளிது. அதே ஆள்தான் என்று அடையாளம் தெரியும்படி மறுபடி கீறுவதில்தான் வேலை இருக்கிறது. ஒரே தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்றையும், தலை, தோள், இடுப்பு, முழங்கால் மட்டங்களுக்குக் குறுக்குக் கோடு இழுத்து ஒரே உயரத்தில் கீறுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கொண்டை எப்படி முடிகிறாள், சேலை முந்தானை எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அடுத்து, உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் படியெடுத்து உள்ளே முழுவதும் கறுப்பு மை பூசுங்கள். வெறும் நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடிகிறதா? கருத்தோவியர் சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை இதற்கு உதாரணமாகப் பாருங்கள். சுந்தர் என்ற பெயரில் தம் பாத்திரங்களைத் தாமே எழுதித் தாமே கீறியவர் அவர். அவர் நடத்திய சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இருக்கின்றன. ஓர் இதழை எடுத்து, சில கோடுகளில் ஓர் ஆளை எப்படி நிறுத்துகிறார் என்று பென்சிலால் பார்த்துக் கீறிப் பழகுங்கள். அது பயிற்சிக்கு மட்டும். உங்கள் ஆள் உங்கள் கோட்டில்தான் வர வேண்டும்.

படம் எங்கோ பிசகுகிறது, எங்கே என்று பிடிபடவில்லை என்றால், தாளைப் புரட்டி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். பழகிய கண்ணுக்கு ஒளிந்திருந்த பிழை வெளியே வந்து நிற்கும்.

எட்டாவது படி: கதைக்குத் திரும்புங்கள்

கீறியதை எல்லாம் கதைக்குள் கொட்ட வேண்டாம். கிழவியின் காது நீளம் எனக்குத் தெரியும், வாசகருக்குச் சொல்லவில்லை. முதல் படியில் அடிக்கோடிட்ட வரிகளை எடுத்து, படத்தோடு பொருந்தாதவற்றை மட்டும் மாற்றுங்கள். என் பந்தியில் மாறியது மூன்று இடங்கள்: கை, குடை, கடகத்தை இறக்கும் கணம்.

இப்போது அந்தப் பையனைக் கீறிக்கொண்டிருக்கிறேன். பத்து வயது, ஆறு தலை உயரம். பக்கத்தில் கிழவி நிமிர்ந்து நிற்கிறாள், தலையில் கடகம். பையன் கையை எவ்வளவு உயர்த்தினாலும் குடை கடகத்துக்கு மேல் எட்டவில்லை. அவள் கடகத்தை இறக்கிக் கூனினால்தான் இருவருக்கும் குடை போதும். ஆனால் கீழே தரை ஈரம், கடகத்தில் ஒடியல். கடகத்தை எங்கே வைப்பாள் என்று நாளைக்குக் கீறிப் பார்க்க வேண்டும்.